தூர்த் வளைத்த வில்

வில் என்றதும் நம் இலக்கியத்தில் முதலில் நினைவுக்கு வருவது போர்க்களம். ஆயினும், ஆநிரை மேய்க்கும் இடையன் ஒருவன் குமிழங்கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் இசைத்த காட்சியையும் பெரும்பாணாற்றுப்படை நமக்குக் காட்டுகின்றது. இன்றைய கச்சேரி மேடையில் வயலின் கலைஞரின் வலக்கையில் இருப்பதும் வில்தான். வயலின் செய்த இத்தாலியரான ஸ்திராதிவாரியின் பெயரை இசை பயிலாதவர்களும் கேட்டிருப்பர். அந்த வயலினைப் பேசவைக்கும் வில்லுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவரின் பெயரோ, வயலின் வாசிப்பவர்களிலேயே பலர் அறியாதது. பிரான்சுவா சேவியர் தூர்த் என்பது அப்பெயர்.

தூர்த் 1747ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை நிக்கோலா பியேர் தூர்த் வில் செய்யும் தொழிலாளி. மூத்த மகனும் அத்தொழிலையே பற்றிக்கொண்டார். இளையவரான பிரான்சுவாவைக் கடிகாரம் செய்பவர் ஒருவரிடம் வேலை பழக அனுப்பினர். பள்ளிக்கு அனுப்பவில்லை. அவர் எழுதப் படிக்க அறியாதவராகவே வாழ்ந்தார் என்று, இசை வரலாற்றாசிரியர் ஃபெட்டிஸ் 1856இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். தூர்த்தின் வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைப்பனவற்றுள் பெரும்பகுதி அந்நூல் வழியாக வந்ததே.

கடிகாரப் பட்டறையில் எட்டு ஆண்டுகள் கழிந்தன. உழைப்புக்கேற்ற கூலி கிடைக்கவில்லை. மனம் வெறுத்து, குடும்பத் தொழிலுக்கே திரும்பி வந்தார். அந்த எட்டு ஆண்டுகள் வீணாயின என்று சொல்வதற்கில்லை. மயிரிழை பிசகினாலும் ஓடாத பொருளைச் செய்து பழகிய விரல்கள் அவருடையவை. மரவேலைக்காரர்கள் போதும் என்று நிறுத்தும் இடத்தில் அவருக்கு வேலை தொடங்கியது. பின்னாளில் அவர் செய்த வில்களைப் பார்க்கும்போது, கடிகாரக்காரர் அவரை விட்டு நீங்கவே இல்லை என்று எனக்குத் தோன்றுகின்றது.

புதிய தொழிலில் கையைப் பழக்க நல்ல மரம் வாங்கப் பணம் இல்லை. சர்க்கரை வந்திறங்கிய பீப்பாய்களின் பலகைகளை வாங்கிச் செதுக்கினார். அவ்வில்களை இருபது, முப்பது சூ என்னும் சில்லறைக் காசுக்கு விற்றார். பழகிய பின், இதற்கு ஏற்ற மரம் எது என்னும் தேடல் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல மரங்களைச் சோதித்தார். முடிவில் அவர் தேர்ந்தது தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கப்பலில் வந்த பெர்னாம்புகோ மரம். கனமும் உறுதியும் உடையது. வளைத்தால் வளைந்து, விட்டால் துள்ளி நிமிர்வது.

அம்மரம் இசைக்காகப் பாரிஸுக்கு வரவில்லை என்பதை இங்கே சற்று நின்று சொல்லவேண்டும். அது சாய மரம். அதன் செந்நிற வயிரத்தைத் துருவிப் பொடியாக்கித் துணிக்குச் சிவப்பு ஏற்றினர். ஆம்ஸ்டர்டாம் நகரச் சிறையில் கைதிகளுக்கு இட்ட கடும்பணியே இம்மரத்தை அரம்பற்களால் தேய்த்துத் தூளாக்குவதுதான். இதன் கதை நம் நாட்டையும் தொடுகின்றது. நாம் சப்பங்கி என்றும் வர்த்தங்கி என்றும், கேரளத்தார் பதிமுகம் என்றும் வழங்கும் ஆசிய மரத்தின் செஞ்சாயத்தையே ஐரோப்பியர் முதலில் பிரசில் என்று அழைத்தனர். போர்ச்சுகீசியர் கடல் கடந்து கண்ட புதிய நிலத்தில் அதே நிறம் தரும் உறவு மரம் காடாக நின்றது. மரத்தின் பெயர் அம்மரத்துக்கு ஏறி, பின் நாட்டுக்கே பெயராயிற்று. பத்தமடைப் பாய்க்குச் சிவப்பூட்டிய மரத்துக்கும் வயலின் வில்லுக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

சாயம் என்ற சொல் அருள்புரத்தில் வாழும் நமக்கு வெறும் சொல்லன்று. நொய்யலில் ஓடிய நிறங்களையும், 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்த நாள்களையும் கண்டவர்கள் நாம். சாயக்காரர் கிடங்கில் எடைபோட்டுத் தூளாக்கக் கிடந்த கட்டைக்குள் ஓசையைத் தேடிய ஒரு மனிதரை நாம் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கடலில் போர் மூண்ட காலத்தில் மரம் வருவது குறைந்து விலை ஏறியது. வந்த கட்டைகளோ கோணலும் முடிச்சும் வெடிப்பும் உடையவை. நேரான நரம்போட்டம் கொண்ட சில துண்டுகளுக்காக எட்டாயிரம், பத்தாயிரம் கிலோ மரத்தை அவர் பிளந்து பார்த்ததுண்டு என்று ஃபெட்டிஸ் எழுதுகிறார். செய்து முடிக்கும் வில்லின் எடை ஏறத்தாழ 60 கிராம்.

அவர் என்ன செய்தார் என்பதை விளங்கிக்கொள்ள, முன்னிருந்த வில்லை நினைத்துப் பார்க்கவேண்டும். அது வேட்டை வில்லைப் போலவே வெளிப்புறம் வளைந்தது. காலப்போக்கில் நிமிர்ந்து ஏறக்குறைய நேர்கோலாயிற்று. குறுகியது, நுனி மெலிந்தது. நடனத்துக்கும் சிறு கூடத்துக்கும் அது போதும். குரலைப் போல் நீளும் ஒரு தொடரை அடிமுதல் நுனிவரை தளராமல் இழுக்க அதற்கு வலு இல்லை. தூர்த் வளைவைத் திருப்பினார். மரம் மயிரை நோக்கி உள்ளே வளைந்தது. திருகை முடுக்கி மயிரை இறுக்கினால் மரம் நிமிர முயலும். அந்த முயற்சியே வில்லின் உயிர்த்துடிப்பு.

இவ்வளைவைச் செதுக்கி உண்டாக்கினால் மரத்தின் நரம்போட்டம் அறுந்து கோல் வலுவிழக்கும். ஆகவே கோலை நேராக இழைத்து, நெருப்பில் காட்டி வளைத்தார். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேற்புறம் மட்டும் சூடேறினால் வெளிநார்கள் வளையும், உள்நார்கள் நேராகவே நிற்கும். சில நாள்களில் வளைவு கலைந்துவிடும். நடுவயிரம் வரை சூடு இறங்கவேண்டும், மரம் கருகவும் கூடாது. அந்தக் கணத்தைக் காட்டும் கருவி எதுவும் அவரிடம் இல்லை.

நுனித்தலையை உயர்த்திக் கனமாக்கினார். அதனால் எடை முன்னே சாய்ந்தது. கைப்பிடிப் பக்கம் வெள்ளியும் பொன்னும் ஆமையோடும் பதித்து அதைச் சமன்செய்தார். நீளத்தை 74, 75 சென்டிமீட்டர் என்று நிலைநிறுத்தினார். 1782இல் பாரிஸ் மேடையில் தோன்றிப் பெரும்புகழ் கொண்ட இத்தாலிய வயலின் மேதை வியோத்தியின் யோசனைகள் இவற்றில் கலந்திருப்பதாகக் கூறுவர். முன்பெல்லாம் மயிர் கற்றையாக உருண்டு சேர்ந்துவிடும். அதைத் தட்டை நாடாவாகப் பரப்பி, சிறிய உலோகப் பட்டையால் கைப்பிடிக் கட்டையில் பிணைக்கும் முறை அக்காலத்தில் உருவானது. கலைஞனின் குறையைக் கைவினைஞன் காது கொடுத்துக் கேட்டதன் பயன் அது.

வெள்ளைக் குதிரையின் வால்மயிரைத் தேர்வது தூர்த்தின் மகளுடைய வேலை. அடிமுதல் நுனிவரை ஒரே பருமனாக உருண்டிருக்கும் இழைதான் உதவும். நூற்றுக்குப் பத்து தேறினால் அதிகம். அவற்றைச் சோப்பிட்டுக் கழுவி, தவிட்டு நீரில் ஊறவைத்து, கடைசியில் நீலம் கலந்த நீரில் அலசுவர். இந்தப் பெண்ணின் பெயரை ஃபெட்டிஸ் எழுதவில்லை. பனியன் நிறுவனத்துச் செக்கிங் மேசையில் நாள் முழுதும் கண்ணை நாட்டி நிற்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இருப்பதாலோ என்னவோ, அவ்வரலாற்றில் என் மனம் அதிகம் தங்கும் இடம் இதுவே.

பொன் பதித்த வில்லுக்குப் பன்னிரண்டு லூயி பொற்காசு வாங்கும் நிலைக்குத் தூர்த் உயர்ந்தார். எனினும் வில்லில் பெயர் பொறிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆண்டும் வயதும் குறித்த சீட்டு மிகச் சிலவற்றில்தான் உண்டு. 1824இல் எழுபத்தேழாம் வயதில் செய்தது என அறிவிக்கும் சீட்டு அவற்றுள் ஒன்று. மரத்துக்கு வார்னிஷ் பூசமாட்டார். நுரைக்கல் தூளும் எண்ணெயும் இட்டுத் தேய்ப்பதோடு சரி. மூடிமறைக்க எதுவும் இல்லை. செய்து முடித்த பின் சிறு குறை தென்பட்டாலும் அவ்வில்லை விற்கமாட்டார், அழித்துவிடுவார். நம்மில் எத்தனை பேர் அச்சுக்குக் கொடுத்த கவிதையைத் திரும்பப் பெற்றுக் கிழித்திருக்கிறோம்?

இனி, நம் வட்டத்துக் கவிஞர்கள் விரும்பிக் கேட்கும் செய்தி. தூர்த்துக்குப் பின் பாரிஸில் புகழோடு விளங்கிய வயலின் தச்சர் வுய்யோம், அவருடைய வில்கள் பலவற்றை அளந்து பார்த்தார். 700 மில்லிமீட்டர் கோலில் கைப்பிடிப் பக்கம் 110 மில்லிமீட்டர் ஒரே பருமன், அதாவது 8.6 மில்லிமீட்டர். அதன்பின் நுனித்தலையில் 5.3 ஆகும்வரை கோல் மெலிந்துகொண்டே செல்கிறது. மெலிவு தாறுமாறானதன்று. பருமன் 0.3 மில்லிமீட்டர் குறையும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனால், அவற்றுக்கிடையே உள்ள தொலைவு நுனியை நோக்கி ஒரு சீரான விகிதத்தில் சுருங்குகிறது. கணித நூலார் மடக்கை என்று கூறும் முறையில் அடங்கும் விகிதம் அது. வுய்யோம் அதை வடிவகணித வரைபடமாக வரைந்தார். பள்ளி காணாத தூர்த் அப்படத்தைக் கண்டதில்லை. கண்டிருந்தாலும் அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. கண்ணாலும் விரலாலும் அவர் ஒவ்வொரு கோலிலும் அதே விகிதத்துக்கு வந்து சேர்ந்தார். வகுப்பில் யாப்பு நடத்தும்போது இதை நான் மாணவியரிடம் சொல்வதுண்டு. அசை பிரிக்கத் தெரியாத நாட்டுப்புறப் பெண்ணின் தாலாட்டில் தளை தட்டாதிருப்பதைக் கண்டு வியக்கும் அவர்கள், இச்செய்தியை உடனே புரிந்துகொள்கிறார்கள்.

எல்லாப் பெருமையையும் ஒருவர் தலையில் ஏற்றுவது நம் வழக்கம். பிரெஞ்சுக்காரருக்கும் அவ்வழக்கம் உண்டு. தூர்த்தின் அண்ணன் லெயோனார் செய்த வில்களிலேயே மாற்றத்தின் தொடக்கம் தெரிகின்றது. இங்கிலாந்தில் ஜான் டாட் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே வடிவத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். டாட் 1839இல் ஏழைகள் விடுதியில் இறந்தார். தூர்த்துக்கு அந்தக் கதி நேரவில்லை என்பது ஓர் ஆறுதல்.

சேன் ஆற்றின் கரையில், பொன்னெஃப் பாலத்துக்கு அருகே, எக்கோல் துறையின் 10ஆம் எண் கட்டடத்து நான்காம் மாடியில் அவருடைய பட்டறை இருந்தது. விடியலில் தொடங்கிப் பிற்பகல் மூன்றரை, நான்கு மணி வரை வேலை. பிறகு படியிறங்கி, சிறிய படகில் ஏறி ஆற்றில் தூண்டில் போடுவார். மரக்கோலைக் கீழே வைத்தவுடன் மூங்கிலைக் கையிலெடுத்தவரை எண்ணிச் சிரிக்கவும் தோன்றுகிறது. எண்பத்தைந்து வயதுவரை இப்படியே நடந்தது. பின் பார்வை மங்கியது. அளவுகோலாக இருந்த கண் போனதால் வேலையை நிறுத்தினார்.

அவர் வேலையை விட்ட காலத்தில், வயலின் நம் மண்ணில் வேரூன்றிவிட்டிருந்தது. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்று அதைக் கருநாடக இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் மன்னர் தந்த வயலினைத் தந்தத்தால் செய்வித்திருந்தார். வாய்ப்பாட்டின் நீண்ட அகாரத்தைப் பின்தொடர்ந்து செல்லும் நம் கலைஞர்கள் இன்று பிடித்திருப்பது, உள்வளைந்த அந்த வில்லையே.

பெர்னாம்புகோ மரத்தின் பன்னாட்டு வணிகம் 2007 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. சாயத்துக்காக நூற்றாண்டுகள் வெட்டிய காடு சுருங்கிவிட்டது. வில் செய்வோர் சிலர் கரிநாரில் கோல் செய்கின்றனர். வடிவம் மட்டும் தூர்த்துடையது.

1835 ஏப்ரலில் தூர்த் மறைந்தார். அவர் படகேறிய எக்கோல் துறை பின்னர் லூவ்ர் துறையோடு இணைந்து, அந்தப் பெயரும் போயிற்று.