பிள்ளைகளின் உடல்நலம் காத்த பெருமாட்டி மார்கரெட் மக்மில்லன்

கல்வி ஒன்றே நம் மக்களை உயர்த்தும் என்பதை நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஊர்தோறும் எடுத்துரைத்து வந்துள்ளது. அச்சொல் முற்றிலும் மெய்யே. ஆயினும், அக்கல்வியை ஏற்றுக்கொள்ளும் உடல்நலம் பிள்ளைக்கு வாய்த்திருக்கிறதா என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் இவ்வினாவை முன்வைப்பது பொருத்தமென்று கருதுகிறேன்.

நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். நம் தெருப் பிள்ளை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான்; வினாக் கேட்டால் விழித்துக்கொண்டு நிற்பான். அவனை மந்தபுத்தியுடையவன் என்று எண்ணிப் பின்வரிசையில் அமர்த்தினேன். திமிர் என்று எண்ணி ஒருமுறை அடித்தும் விட்டேன். பல மாதங்களாக அவன் காதில் சீழ் வடிந்து, செவிப்புலன் பெரிதும் குன்றியிருந்தது என்பது அவன் பள்ளியை விட்டு நின்ற பிறகே எனக்குத் தெரியவந்தது. நம் பிள்ளைகளைப் பிறர் பின்வரிசையில் அமர்த்தினார்கள் என்று மேடைகளில் பேசும்போதெல்லாம், நம் பிள்ளை ஒருவனுக்கு நானே அவ்விடத்தைக் கொடுத்தேன் என்ற நினைவு என் நெஞ்சைக் குத்தும்.

கல்வியியல் பட்டம் பெறப் படித்த நாளில் மார்கரெட் மக்மில்லன் அம்மையாரைப் பற்றித் தேர்வுக்காக ஒரு பத்தி மனப்பாடம் செய்தவன் நான். மழலையர் பள்ளியின் முன்னோடி என்பதற்கு மேல் அவரைப் பற்றி அன்று அறிந்தேனல்லேன். பிற்காலத்தில் அவர் வரலாற்றைக் கற்றபோதுதான், என் வகுப்பில் நான் செய்த பிழையை எதிர்த்தே அவர் தம் வாழ்நாள் முழுவதும் போராடினார் என்பதை உணர்ந்தேன்.

இளமையும் இழப்பும்

மார்கரெட் 1860ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டின் இன்வர்னஸ் பகுதியிலிருந்து குடியேறியவர்கள். மூத்த சகோதரி ரேச்சல் 1859இல் பிறந்தவர். 1865இல் அக்குடும்பத்தில் நோய் புகுந்தது. தந்தையும் சிறு தங்கையும் இறந்தனர். செங்காய்ச்சல் கண்ட மார்கரெட் உயிர் பிழைத்தாலும் செவிப்புலனை இழந்தார். கணவனையும் ஒரு குழந்தையையும் பறிகொடுத்த தாய், எஞ்சிய இரு பெண்களுடன் இன்வர்னஸ் திரும்பினார்.

ஏறத்தாழப் பதினான்கு வயது வரை மார்கரெட்டுக்குக் காது கேட்கவில்லை. அதன் பின்னரே செவிப்புலன் திரும்பிற்று. ஒரு நோய் ஒரு குழந்தையின் கல்வியை எவ்வாறு மூடிவிடும் என்பதை அவர் நூலில் படித்து அறிந்தாரல்லர். தம் உடலிலேயே அனுபவித்து அறிந்தார். எனினும் படித்த குடும்பத்தின் அரவணைப்பு அவருக்கு இருந்தது. அவ்வரவணைப்பு இல்லாத குழந்தையின் நிலை என்ன என்ற கேள்வியே பின்னாளில் அவர் வாழ்வின் கேள்வியாயிற்று.

1877இல் தாயும் மறைந்தார். மார்கரெட் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பயின்று, செல்வர் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். 1888இல் சகோதரியர் இருவரும் இலண்டனில் ஒன்று சேர்ந்தனர். ரேச்சல் உழைக்கும் பெண்களுக்கான விடுதியொன்றில் பணியாற்றினார். 1889இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில் இருவரும் தொழிலாளர் பக்கம் நின்றனர். செல்வர் வீட்டு வாழ்வைத் துறந்து, ஏழைகளின் பணிக்கே தம்மை ஒப்படைத்தார் மார்கரெட்.

பிராட்ஃபோர்டு நகரில்

1892இல் சகோதரியர் வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகருக்குச் சென்றனர். கம்பளி ஆலைகள் நிறைந்த நகரம் அது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலும் இருக்கும் வழக்கம் அங்கு நிலவியது. ஆலையில் நின்று களைத்த பிள்ளை பள்ளிப் பலகையில் சாய்ந்து உறங்கிற்று. அங்ஙனம் உறங்கிய பிள்ளைக்கும் மந்தபுத்தி என்பதே பெயர்.

1893இல் அந்நகரிலேயே சுதந்திரத் தொழிலாளர் கட்சி தோன்றியது. அதன் வேட்பாளராக நின்று 1894இல் பிராட்ஃபோர்டு பள்ளிக் குழுவின் உறுப்பினராக மார்கரெட் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமையே இல்லாத காலம் அது.

உறுப்பினரானவர் ஏடுகளைப் பார்த்துக் கையெழுத்திடுவதோடு அமையவில்லை. வகுப்பறைகளுக்குள் நுழைந்து பிள்ளைகளைப் பார்த்தார். குளிர்காலம் தொடங்கும்போது உடுத்திய துணியை உடலோடு சேர்த்துத் தைத்து, குளிர் நீங்கும்வரை கழற்றாமல் விடப்பட்ட பிள்ளைகளைக் கண்டார். தலையில் பேன், தோலில் புண், சொத்தைப் பல், மூக்கடைப்பு, காதில் சீழ், மங்கிய பார்வை ஆகியவற்றோடு வெறும் வயிற்றில் அமர்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். ஏழைப் பிள்ளைக்குப் பிறவியிலேயே அறிவு குறைவு என்று கற்றவர்களும் நம்பிய நாளில், குறை பிறப்பில் இல்லை, கவனிப்பாரற்ற உடலில் இருக்கிறது என்று அவர் வாதிட்டார்.

வாதத்தோடு நில்லாமல் செயலிலும் இறங்கினார். 1897இல் அந்நகரின் வாப்பிங் சாலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கெனக் குளியல் வசதி திறக்கப்பட்டது. பிரிட்டனில் பள்ளியொன்றில் அமைந்த முதல் குளியல் வசதி அதுவே என்பர். நகரின் பள்ளி மருத்துவராயிருந்த ஜேம்ஸ் கெர் என்பவருடன் சேர்ந்து 1899இல் அவர் நடத்திய ஆய்வு, பிரிட்டனின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த முதல் மருத்துவச் சோதனையாகப் பதிவு பெற்றுள்ளது. பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலேயே உணவளிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் அவர் இடைவிடாது எழுப்பினார். பிள்ளைக்குச் சோறிடுவது பெற்றோர் கடமை, அதில் பள்ளி தலையிட்டால் பெற்றோர் பொறுப்பை மறப்பர் என்று எதிர்த்தவர் பலர். கூலி போதாத வீட்டில் பொறுப்பு மட்டும் இருந்து என்ன பயன் என்பதே அவர் தரப்பு.

1902இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் பள்ளிக் குழுக்களைக் கலைத்துப் பள்ளிகளை நகர, மாவட்ட மன்றங்களிடம் ஒப்படைத்தது. அம்மன்றங்களுக்குப் பெண்கள் அன்று தேர்ந்தெடுக்கப்பட இயலாது. எனவே மார்கரெட் தம் பதவியை இழந்து, ரேச்சலுடன் வாழ இலண்டன் சென்றார்.

சட்டம் வந்தது, சிகிச்சை வரவில்லை

அக்காலத்தில் தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் சேர்க்க முற்பட்ட பிரிட்டிஷ் அரசு, முன்வந்த இளைஞருள் மிகப் பலர் உடற்தகுதியற்றவராயிருக்கக் கண்டு திகைத்தது. பிள்ளைப் பருவத்தில் கண்டுகொள்ளாமல் விட்ட வறுமை, இளமைப் பருவத்தில் அரசின் வாயிற்படியில் வந்து நின்றது. 1904இல் வெளியான விசாரணைக் குழு அறிக்கை மாணவர்க்கு உணவும் மருத்துவச் சோதனையும் வேண்டுமென்றது. 1906இல் பள்ளி உணவுச் சட்டம் நிறைவேறிற்று. 1907இல் வந்த மற்றொரு சட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனையைக் கட்டாயமாக்கியது. இச்சட்டங்களுக்காக ஓயாது எழுதியும் பேசியும் வந்தவருள் மக்மில்லன் சகோதரியர் குறிப்பிடத்தக்கவர்.

ஆனால் மார்கரெட் வெற்றியில் மயங்கவில்லை. சட்டம் சோதனையைக் கட்டாயமாக்கியதேயன்றிச் சிகிச்சையைக் கட்டாயமாக்கவில்லை. மருத்துவர் வருவார், பிள்ளையின் பல்லும் கண்ணும் பார்ப்பார், ஏட்டில் குறிப்பார், போய்விடுவார். செல்வர் வீட்டுப் பிள்ளை அக்குறிப்போடு மருத்துவரை நாடும். ஏழைப் பிள்ளையின் தாயோ, ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனை வாயிலில் காத்திருக்க முடியாதவள். ஆகவே நோயைக் கண்டறிந்ததோடு நின்றுவிட்டால் ஏற்றத்தாழ்வு குறையாது. அது ஏட்டில் பதிவு பெறுவது ஒன்றே மிச்சம்.

ஆதலின் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரிய சிகிச்சை நிலையம் ஒன்றை 1908இல் கிழக்கு இலண்டனின் போ பகுதியில் சகோதரியர் தொடங்கினர். ஜோசப் ஃபெல்ஸ் என்னும் சவர்க்கார உற்பத்தியாளர் பொருளுதவி செய்தார். 1910இல் அப்பணி தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள டெப்ட்ஃபோர்டு பகுதிக்கு மாற்றப்பட்டது. மிகுந்த வறுமையும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட பகுதி அது. பல், கண், காது, தொண்டை, தோல் நோய்களுக்கு அங்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

நோய் திரும்பி வந்தது

அங்கும் ஓர் உண்மை அவரைத் தடுத்து நிறுத்தியது. குணமாக்கி அனுப்பிய பிள்ளை சில வாரங்களில் அதே நோயுடன் திரும்பி வந்தது. ஒரே அறையில் பலர் உறங்கும் வீட்டில், காற்றும் ஒளியும் புகாத சந்தில், வெந்நீருக்கு வழியில்லாத இடத்தில் மருந்து என்ன செய்யும்?

ஆகவே 1911இல் சிகிச்சை நிலையத்தின் தோட்டத்திலேயே சிறுமியர்க்கு இரவு முகாம் ஒன்றை அமைத்தனர். மாலையில் வந்த சிறுமியர் வெந்நீரில் குளித்து, தூய ஆடை உடுத்து, திறந்தவெளியில் உறங்கி, காலையில் பள்ளிக்குச் சென்றனர். விலையுயர்ந்த மருந்து எதுவுமின்றி, நீரும் காற்றும் உறக்கமும் அவர்கள் உடலைத் தேற்றின. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கேளாமலே கிடைத்தவை இவை மூன்றும்.

அதன்பின் இன்னும் ஓர் அடி ஆழமாகச் சென்றார். ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளை ஏற்கெனவே நோயுடன் வருகிறதென்றால், அதற்கு முந்திய ஆண்டுகளில் யார் அதைக் காத்தார்? இவ்வினாவிலிருந்து பிறந்ததே 1914இல் டெப்ட்ஃபோர்டில் தொடங்கிய திறந்தவெளி மழலையர் பள்ளி. இலண்டன் மாவட்ட மன்றத்துக்கு உரிய வெற்று மனை ஒன்றில் அது எழுந்தது. நாற்புறமும் அடைத்த கட்டடத்திற்கு மாறாகக் காற்றோட்டமான கொட்டகைகளும், நடுவே மரஞ்செடிகள் நிறைந்த தோட்டமும் அங்கு அமைந்தன. காலையில் வந்த குழந்தை குளிப்பாட்டப்பட்டு, வேளைக்கு உணவு பெற்று, விளையாடி, பகலில் உறங்கி, மாலையில் வீடு திரும்பிற்று. வேலைக்குச் செல்லும் தாயின் நேரத்திற்கு ஏற்பப் பள்ளியின் நேரம் நீண்டிருக்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார்.

முதல் உலகப் போர்க்காலத்தில் பணிச்சுமை பெருகிற்று. 1917ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் பிறந்த நாளிலேயே ரேச்சல் காலமானார். தம் பணியில் பாதி ரேச்சலுடையது என்று கருதிய மார்கரெட், அப்பள்ளிக்கு அவர் பெயரையே சூட்டினார். 1918இல் வந்த கல்விச் சட்டம் மழலையர் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் செலவிட வழி திறந்தது; அரைநாள் ஆலை வேலைக்கும் முடிவு கட்டியது. 1919இல் மழலையர் பள்ளி பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1923இல் தோன்றிய மழலையர் பள்ளிச் சங்கத்தின் முதல் தலைவர் அவரே. 1930இல் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரி ரேச்சல் பெயரால் டெப்ட்ஃபோர்டில் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 1931 மார்ச்சுத் திங்களில், மார்கரெட் அம்மையார் தம் எழுபதாம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் எண்ணியதெல்லாம் நிறைவேறிவிடவில்லை. அவர் மறைந்தபோது பிரிட்டனில் இத்தகைய பள்ளிகள் மிகச் சிலவே இருந்தன. போருக்குப் பின் செலவைக் குறைக்க முற்பட்ட அரசு முதலில் கை வைத்தது ஏழைக் குழந்தையின் பங்கிலேயே. ஆயினும் டெப்ட்ஃபோர்டுப் பள்ளி நூறாண்டுகளைக் கடந்து நின்றது.

நமக்குள்ள பாடம்

இவ்வரலாறு நமக்கு அயலதன்று. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கிற்று. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும், 2022இல் காலை உணவும் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தன. நம் தெருப் பிள்ளைகள் பிற பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் வழியையும் இத்திட்டங்கள் திறந்தன; அப்பந்தியிலும் வேற்றுமை காட்டுவோரை எதிர்த்து நிற்க வேண்டியும் வந்தது.

மருத்துவக் குழுக்கள் இன்று பள்ளிகளுக்கு வருகின்றன. பிள்ளைகளைச் சோதித்துச் சீட்டும் எழுதித் தருகின்றன. அச்சீட்டு எங்கே போகிறது? புத்தகப் பைக்குள் கசங்கிப் போகிறது. தாய் நாற்று நடப் போயிருக்கிறாள். தந்தை கட்டட வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார். 1907இல் மார்கரெட் அம்மையார் கண்ட இடைவெளி இதுவேயன்றோ?

அவ்விடைவெளியை நம் சங்கம் நிரப்ப முடியும். நம் விடுதியிலும் மாலை வகுப்புகளிலும் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஏடு வைப்போம். பல், கண், காது, எடை, உயரம் ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறை அதில் குறிப்போம். குறை கண்ட பிள்ளையைப் பெற்றோரால் அழைத்துச் செல்ல இயலாதபோது, அவர்கள் இசைவு பெற்று, நம் உறுப்பினர் ஒருவர் அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லட்டும். கண்ணாடி எழுதித் தந்தால் அக்கண்ணாடி பிள்ளையின் முகத்தில் ஏறும்வரை அப்பொறுப்பு நம்முடையதாகட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஓர் ஏடும், முறை வைத்துச் செல்லும் நான்கு பேரும் போதும்.

நம் இளைஞர்கள் பலர் பட்டம் பெற்றுப் பதவிகளில் அமர்ந்துள்ளனர். அவர்களை எண்ணி இவ்விழாவில் மகிழ்கிறோம். இடையில் நின்றுபோன பிள்ளைகளையும் ஒருகணம் எண்ணுவோம். அவர்களுள் எத்தனை பேர் காது கேளாமையால், கண் மங்கியதால், இரத்தச் சோகையால் நின்றார்களோ, யார் கணக்கெடுத்தோம்? என் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்த அச்சிறுவனுக்கு நான் இனிச் செய்யக்கூடியது எதுவுமில்லை. இன்று அவ்விடத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குச் செய்யலாம். அந்த ஏட்டின் முதல் பக்கத்தை எழுதும் பணியை, ஓய்வு பெறும் நாள் நெருங்கும் இக்காலத்தில், நானே ஏற்றுக்கொள்கிறேன்.