கண்ணாடித் தொட்டிக்குள் கடலை வைத்தவர்
(பிலிப் ஹென்றி காஸ் வாழ்க்கை வரலாறு)



கடலில் பல வருஷம் நல்லா வாழ்கிற நத்தையைப் பிடித்து வந்து தொட்டியில் போட்டால், ஏன் ரெண்டு மூணு நாளில் செத்துப் போகுது? அதே உப்புத் தண்ணீர்தானே? இந்தக் கேள்வியோடு பல வருஷம் போராடியவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர்தான் பிலிப் ஹென்றி காஸ். (சமையல் காஸ் இல்லை, மனிதர் பெயரே காஸ்!) 'அக்வேரியம்' என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியவரும் இவரே. இவரைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இளமைக் காலம்

காஸ் 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன உருவப்படங்கள் வரையும் ஓவியர். வருமானம் குறைவு. காஸ் வளர்ந்தது பூல் என்ற துறைமுக ஊரில். பாறை இடுக்கில் பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் சாமந்திகளை அவருக்குக் காட்டியவர் ஓர் அத்தை. கடல் சாமந்தி பூ இல்லை, முதுகெலும்பில்லாத ஒரு விலங்கு என்பது நமக்குத் தெரியும்தானே!

படிப்பைத் தொடர வசதி இல்லை. பதினைந்து வயதிலேயே ஒரு வணிக அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனார். 1827-இல் கப்பலேறி வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போனார். அங்கேயும் கணக்கு வேலைதான். 1832-இல் நுண்ணோக்கி பற்றிய ஒரு பழைய புத்தகம் வாங்கினார். அதிலிருந்து பூச்சிகளைச் சேர்ப்பதும் வரைவதும் ஆரம்பமாயிற்று. பிறகு கனடாவில் விவசாயம் செய்தார், அது சரிப்படவில்லை. 1838-இல் அமெரிக்காவின் அலபாமாவில் கொஞ்ச நாள் ஆசிரியராக இருந்தார். மறு வருஷமே ஊர் திரும்பினார். அதற்கப்புறம் புத்தகம் எழுதுவதே அவர் தொழிலாயிற்று. 1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் தங்கிப் பறவைகளைப் பற்றி ஆராய்ந்தார். கல்லூரிப் பக்கமே போகாத ஒருவர் இவ்வளவும் செய்தார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கடற்கரைக்குப் போனது எப்படி?

1848-இல் எமிலி பவுஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு எட்மண்ட் என்ற மகன் பிறந்தான். ஓய்வில்லாமல் உழைத்ததால் காஸின் உடம்பு கெட்டது. 1852-இல் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார். ஓய்வெடுக்கப் போனவர் ஓய்வா எடுத்தார்? அலை வற்றியதும் சுத்தியலும் உளியும் ஜாடியுமாகப் பாறைக்குக் கிளம்பிவிடுவார்!

பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நண்டு, இறால், நத்தை, கடல் சாமந்தி என்று எத்தனையோ உயிர்கள். இவற்றை வீட்டில் உயிரோடு வைத்துப் பார்க்கணும் என்று ஆசைப்பட்டார். ஆனால் ஜாடித் தண்ணீர் சீக்கிரமே கெட்டு நாறியது. தினமும் புதுக் கடல்நீர் மாற்ற முடியுமா? லண்டனில் இருப்பவர்கள் கடலுக்கு எங்கே போவார்கள்?

தொட்டியின் ரகசியம்

இதே காலத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் ஒரு நன்னீர்ச் சோதனை செய்திருந்தார். தொட்டியில் தங்கமீன்களும் வாலிஸ்னேரியா செடியும் வைத்தார். செடி ஆக்ஸிஜன் கொடுத்தது. ஆனால் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியது. பிறகு அதில் குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது! 1850-இல் இதை வெளியிட்டார். அப்புறம் கடல்நீரிலும் முயன்றார்.

காஸும் டெவனில் இதே வழியில் சோதித்தார். கடல்பாசியைப் பிய்த்துப் போட்டால் அழுகிவிடும் என்று கண்டார். அதனால் பாசி ஒட்டியிருக்கும் பாறைத் துண்டையே உளியால் பெயர்த்துக் கொண்டுவந்தார். 1854-இல் லண்டனில் இருந்தபடியே கடல்நீர் தயாரித்தும் காட்டினார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளவாக நன்னீரில் கரைத்தார். கரைத்த உடனே பிராணிகளைப் போட்டுவிடவில்லை. முதலில் பாசியை மட்டும் போட்டுக் காத்திருந்தார். பாசி நன்றாகப் பிடித்த பிறகுதான் பிராணிகளை விட்டார். அவை பிழைத்தன.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. பாசியின் ஆக்ஸிஜன்தான் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அது பாதிதான் உண்மை. பிராணிகளின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த பாக்டீரியாக்கள் பாறையின் மேல் வாழ்கின்றன. அதாவது காஸ் பாசிக்காகக் கொண்டுவந்த பாறைத் துண்டில், கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்காரர்களும் சேர்ந்தே வந்திருக்கிறார்கள்! புதுத் தொட்டியில் இவர்கள் போதுமான அளவு இல்லாததால்தான் நத்தை சாகிறது.

தோட்டக்கார நத்தை

தொட்டியில் வெளிச்சம் பட்டால் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி படியும். அதைத் துடைக்க காஸ் வைத்திருந்த ஆள் பெரிவிங்கிள் என்ற சின்னக் கடல் நத்தை. அது எப்படி மேய்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். அதன் நாக்கு ஒரு ரிப்பன் மாதிரி, அதில் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள். அரத்தால் தேய்ப்பது போலப் பாசியைச் சுரண்டி எடுத்துவிடும்.

புகழும் அதன் விலையும்

1853 மே மாதம் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச் சாலையில், பொதுமக்கள் பார்க்கும் முதல் அக்வேரியம் திறக்கப்பட்டது. அதற்குக் கடல் உயிரினங்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் காஸும் ஒருவர். 1854-இல் அவர் எழுதிய 'தி அக்வேரியம்' நூல் வந்தது. படங்களையும் அவரே வரைந்தார். 1845-இலேயே கண்ணாடி வரி நீக்கப்பட்டிருந்ததால் தொட்டி விலை குறைந்திருந்தது. ரயிலும் வந்துவிட்டது. கேட்கணுமா? வீட்டுக்கு வீடு தொட்டி வைக்க ஆரம்பித்தார்கள்.

கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்து பாறைகளைப் பெயர்த்து எடுத்தார்கள். கொண்டுபோன பிராணிகளில் நிறைய செத்தன. செத்ததும் மறுபடி வந்து அள்ளினார்கள். காஸ் முதன்முதலில் பார்த்து வியந்த பாறைக் குழிகள் வெறிச்சோடிப் போயின. அப்பா எழுதிய புத்தகங்களே இதற்கு வழி செய்துவிட்டன, அது அவரை மிகவும் வருத்தியது என்று மகன் எட்மண்ட் 1907-இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். கடல் உயிர்களை எல்லோரும் நேசிக்கணும் என்று ஆசைப்பட்டவருக்கு இப்படி நேர்ந்ததைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போச்சு.

1857 பிப்ரவரியில் மனைவி எமிலி புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு, உலகம் தோன்றியது பற்றி காஸ் எழுதிய நூலைப் பலரும் ஏற்கவில்லை. மகனை அழைத்துக்கொண்டு டெவனிலேயே குடியேறினார். மனம் தளராமல் பிரிட்டனின் கடல் சாமந்திகள் அனைத்தையும் பற்றிப் பெரிய நூல் எழுதி 1860-இல் முடித்தார். 1888 ஆகஸ்ட் 23-ஆம் நாள், 78-ஆம் வயதில் காலமானார்.

நாம் செய்ய வேண்டியது

நம் அறிவியல் மன்றத்தில் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறோம். நத்தை கொண்டுவரப் பல பேர் தயாராக இருக்காங்க. அதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்:

1. தண்ணீரும் பாறையும் முதலில். பாக்டீரியா பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று சோதனையில் வந்த பிறகே நத்தை.

2. கண்ணாடியில் பாசி தெரியணும். பாசி இல்லாத தொட்டியில் நத்தை பட்டினி கிடந்து சாகும். முதலில் இரண்டு மூன்று போதும்.

3. நீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்றணும், உப்பு நீர் கூடாது.

4. புது நத்தையைத் தொபுக்கென்று போடாதீர்கள். தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து ஒரு மணி நேரமாவது பழக்கணும். நட்சத்திர மீனுக்கு உப்பு அளவு மாறினால் தாங்காது. புதுத் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

5. ஓடு வளர கால்சியம் வேண்டும். கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்பில் அது இருக்கிறது. வெறும் சமையல் உப்பு உதவாது.

6. மீன் மருந்துகள் சிலவற்றில் தாமிரம் இருக்கும். அது நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு.

7. செத்த நத்தையை உடனே எடுத்துவிடணும். விட்டால் மற்றவற்றையும் கெடுக்கும்.

தண்ணீர் ஊற்றும் நாளிலிருந்து அம்மோனியா அளவை இதே பலகையில் தினமும் எழுதிப் போடுகிறேன். பூஜ்யம் என்று நான் எழுதும்வரை யாரும் கடற்கரைக்கு டப்பாவோடு போக வேண்டாம், சரியா?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றம்