தந்தி வந்ததும் ஓடினார் அம்பேத்கார்!

1913-ம் ஆண்டு. ஜனவரி மாதம்.

பரோடா சமஸ்தானத்தின் பட்டாளத்தில் ஒரு வாலிபருக்குப் புது உத்தியோகம். லெப்டினென்ட் பதவி. வயது 21. வேலையில் சேர்ந்து ஏறக்குறைய 15 நாள்தான் ஆகியிருந்தது. அப்போது பம்பாயிலிருந்து தந்தி வந்தது. தகப்பனாருக்கு உடல்நிலை மோசம்!

அந்த வாலிபர்தான் பீமராவ் அம்பேத்கார்.

தகப்பனார் ராம்ஜி, ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். தாயார் பீமாபாய், மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அதனால் தகப்பனார்தான் எல்லாம். பம்பாயில் ஒரே அறையில் குடித்தனம். மகன் மாலையில் தூங்குவான். தகப்பனார் விழித்திருந்து, இரவு 2 மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கச் சொல்வார். அதன் பிறகுதான் அவர் படுப்பார். மகன் புத்தகம் கேட்டால், கட்டிக்கொடுத்த பெண்களிடம் போய் நகை வாங்கி அடகு வைப்பார்!

இப்படிப்பட்ட தகப்பனாருக்கு நோய் என்றால் மகனுக்கு இருப்புக் கொள்ளுமா? உடனே ரெயில் ஏறினார் அம்பேத்கார்.

நழுவிய ரெயில்

வழியில் சூரத் நிலையம். அப்பாவுக்குக் கொஞ்சம் மிட்டாய் வாங்கலாம் என்று இறங்கினார். வாங்கித் திரும்புவதற்குள் ரெயில் புறப்பட்டுவிட்டது. பம்பாய் போய்ச் சேர மறுநாள் ஆகிவிட்டது.

ராம்ஜி உயிரைப் பிடித்துக்கொண்டு மகனுக்காகக் காத்திருந்தார். மெலிந்த கையால் மகனின் முதுகைத் தடவினார். ஏதோ சொல்ல முயன்றார். முடியவில்லை. பிப்ரவரி 2-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. அம்பேத்கார் வாய்விட்டு அழுதார்.

அந்த வேலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. பரோடா மகாராஜா உதவியால் அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் போய்ச் சேர்ந்தார். எல்லோருக்குமா அப்படி வழி திறக்கும்? வீட்டுக் கஷ்டத்துக்காக வேலையை விட்டு ஓடிய கூலிக்காரர் திரும்பி வரும்போது, அந்த இடத்தில் வேறு ஆள் இருப்பார்.

தொழிலாளர் பொறுப்பு

1942-ம் ஆண்டு, வைசிராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் இலாகா அம்பேத்காரிடம் வந்தது. 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

சுரங்கத்தில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவ காலத்தில் 8 வாரம், நாளைக்கு 8 அணா வீதம் உதவித் தொகை கொடுக்க ஏற்கனவே சட்டம் இருந்தது. அதில் இருந்த குழப்பத்தை நீக்க, 1943-ல் திருத்த மசோதா கொண்டு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தன்பாத் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் தாமே இறங்கிப் பார்த்தார்.

1945-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 10 நாள் லீவு! நோயாலோ, விபத்தாலோ, அனுமதி பெற்ற லீவாலோ இடையில் சில நாள் வராவிட்டாலும், வேலைத் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளக்கூடாது என்றும் அதில் இருந்தது. இந்த இரண்டாவது விஷயம்தான் ஏழைத் தொழிலாளிக்குப் பெரிது. ஊருக்குப் போய் வந்தவருக்கு அது பாதுகாப்பு.

நெய்வேலியில்

1956 டிசம்பர் 6-ந் தேதி டெல்லியில் அம்பேத்கார் காலமானார். நம் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறு ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பண்ருட்டி அருகே காடாம்புலியூர் போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களில், முந்திரியும் பலாவும் தவிர வேறு பிழைப்பு அறியாத குடும்பங்களுக்கும் ஷிப்டு, சங்கு, லீவுச் சீட்டு என்ற புதிய பேச்சுகள் வந்தன.

அங்கே வந்த 1952-ம் ஆண்டு சுரங்கச் சட்டத்திலும் சம்பளத்துடன் ஆண்டு லீவு இருந்தது. ஆனால் 15 நாளுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. தொழிலாளிக்கே நோய் என்றால் அந்தக் கெடு இருக்கவில்லை. தகப்பனாருக்கு நோய் என்று திடீரெனத் தந்தி வந்தால்? அதற்குச் சட்டத்தில் தனி விலக்கு இருக்கவில்லை. மேலதிகாரியின் மனசைப் பொறுத்தே அந்த லீவு கிடைத்தது.