கற்றதைப் பிறர்க்கு அளித்த துர்காபாய்

ஐதராபாத் நகரின் வித்யாநகரில் துர்காபாய் தேஷ்முக் பெயரால் ஒரு மருத்துவமனை இயங்குகின்றது. அவர் நிறுவிய ஆந்திர மகிளா சபையின் பெண்கள் கல்லூரியும் அந்நகரில் உள்ளது. தில்லியில் ஒரு மெட்ரோ நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இத்தகைய பெருமைக்குரிய அவர், பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு விலகியவர் என்றால் நம்ப முடிகிறதா?

துர்காபாய் 1909ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள், கோதாவரிக் கரையில் அமைந்த இராஜமுந்திரியில் பிறந்தார். அந்நகர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. எட்டு வயதிலேயே அவருக்கு மணம் செய்துவைத்தனர். வளர்ந்து அறிவு தெளிந்தபின், அம்மண வாழ்வை ஏற்க அவர் மறுத்தார். குடும்பத்தார் அவருக்குத் துணை நின்றனர்.

தாய்மொழியை ஒதுக்கி ஆங்கில வழியில் பாடங்கள் கற்பிக்கப்பட்டதை எதிர்த்து, அவர் பள்ளியை விட்டு விலகினார். ஆயினும் கல்வியின் மீதிருந்த பற்று அவரை விட்டு விலகவில்லை. தாம் இந்தி கற்றார். கற்றதைப் பிற பெண்களுக்குக் கற்பிக்க ஒரு பள்ளியும் தொடங்கினார்.

1923ஆம் ஆண்டு காக்கிநாடாவில் காங்கிரசு மாநாடு நடைபெற்றது. அங்கு அமைந்த கதர்க் கண்காட்சியின் வாயிலில், நுழைவுச்சீட்டு இல்லாதவரை உள்ளே விடாமல் தடுக்கும் பணி துர்காபாய்க்கு வாய்த்தது. ஒரு தலைவர் சீட்டின்றி வந்தார். அவரைத் துர்காபாய் தடுத்து நிறுத்தினார். வந்தவர் சவகர்லால் நேரு! மாநாட்டினர் பதறினர்; சிறுமியைக் கடிந்தனர். சீட்டு வாங்கி வந்த பின்னரே நேருவுக்கு வழி கிடைத்தது. நேருவோ சினங்கொள்ளவில்லை, கடமை தவறாத அச்சிறுமியைப் பாராட்டினார்.

1930ஆம் ஆண்டு சென்னையில் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுத் துர்காபாய் சிறை சென்றார். அதன் பின்னரும் சிறைவாசம் தொடர்ந்தது. வேலூரிலும் மதுரையிலும் சிறைப்பட்டார். தனிச்சிறையின் கொடுமையையும் பொறுத்தார். சிறையில் அவர் கண்ட பெண்கள் பலர், சட்டம் இன்னதென அறியாதவர்கள். தமக்காக வாதாட ஒருவரும் இல்லாதவர்கள். அவர்கள் நிலை துர்காபாயின் உள்ளத்தை வருத்தியது. சட்டம் கற்றே தீர்வது என்று அவர் உறுதி பூண்டார்.

விடுதலை பெற்றபின், விட்ட கல்வியை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்று பட்டம் பெற்றார். 1942இல் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்று வழக்குரைஞரானார். இதற்கிடையில் 1937ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் ஆந்திர மகிளா சபையைத் தோற்றுவித்தார். தம்மைப்போலப் படிப்பை இடையில் இழந்த பெண்கள் அங்கே தேர்வுக்கு ஆயத்தமாயினர். தெலுங்கு மொழி பேசும் அவருக்குத் தமிழகத்தின் தலைநகர் உழைக்கும் களமாயிற்று.

1946ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற பெண்கள் பதினைவர். அவர்களுள் அவைத்தலைவர் குழுவில் இடம்பெற்றவர் துர்காபாய் ஒருவரே. மாநிலங்களவை உறுப்பினராவதற்கு முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும் என வரைவு கூறியது. அதனை முப்பதாகக் குறைக்க அவர் திருத்தம் கொணர்ந்தார். அறிவும் ஆற்றலும் வயதைப் பொறுத்தவை அல்ல என்பது அவர் கருத்து. இன்றும் அவ்வயது முப்பதே.

1952ஆம் ஆண்டு நடந்த பொதுத்தேர்தலில் அவர் தோல்வியுற்றார். எனினும் அவரது ஆற்றலை நாடு இழக்க விரும்பவில்லை. திட்டக் குழுவின் உறுப்பினர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. 1953இல் நடுவண் நிதியமைச்சராக இருந்த சி.டி. தேஷ்முக்கை மணந்தார். அவ்வாண்டே நடுவண் சமூக நல வாரியம் அமைக்கப்பட, அதன் முதல் தலைவரானார். 1958இல் அவ்வாரியம், பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்களுக்குச் சுருக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பல ஆண்டுப் பாடங்களைக் குறுகிய காலத்தில் கற்றுத் தேர்வெழுத அத்திட்டம் வழிசெய்தது. தாம் தனித்து நடந்த பாதையைப் பிற பெண்கள் நடக்கும் சாலையாக அவர் மாற்றினார் எனலாம். பெண்கல்வி குறித்து ஆராய அவ்வாண்டு அமைந்த தேசியக் குழுவுக்கும் அவரே தலைமை ஏற்றார்.

ஆந்திர மகிளா சபை பின்னர் ஐதராபாத்திலும் கிளை பரப்பியது. கல்லூரி, மருத்துவமனை, எழுத்தறிவுப் பணி எனத் தொண்டு வளர்ந்தது. 1975இல் நாடு அவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கியது. 1981ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவர்களே! பதவிகள் அவரைத் தேடி வந்தன. ஒன்று இல்லாதபோது மற்றொன்றில் அவர் உழைத்தார். ஆனால் அவர் எங்குச் சென்றாலும் உடன் சென்றது ஒன்றே: தமக்குக் கிட்டாதது பிறர்க்குக் கிட்ட வேண்டும் என்னும் எண்ணம். பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நீங்களும், அவ்வூருக்கு உங்களால் இயன்றதை அளிக்கலாம் அன்றோ?

அருஞ்சொற்பொருள்
மகிளா சபை – மகளிர் மன்றம்
அரசியல் நிர்ணய சபை – அரசியலமைப்பை இயற்றிய அவை
வரைவு – முடிவு செய்யப்படாத முதல் வடிவம்
நடுவண் – மத்திய

சிந்தித்து விடை எழுதுக
1. துர்காபாய் நேருவைத் தடுத்து நிறுத்தியது ஏன்?
2. சட்டம் கற்க அவரைத் தூண்டியது எது?
3. சுருக்கக் கல்வித் திட்டத்திற்கும் துர்காபாயின் இளமைக்கும் உள்ள தொடர்பு யாது?