புதுக்கோட்டை பெற்ற டாக்டரம்மா

நோய் வந்தால் பணக்காரர் வீட்டில் பணம் கரையும். ஏழை வீட்டிலோ குடும்பமே கரையும். கூலி போகும், நகை அடகுக்குப் போகும், பள்ளிக்கூடம் போன பிள்ளை மாடு மேய்க்கப் போகும். வந்த நோய்க்கு வைத்தியம் பார்ப்பதைவிட, வராமல் தடுப்பதே ஏழைக்குப் பெரிய சேமிப்பு. அந்தச் சேமிப்புக்கு வழிசெய்யும் திட்டம் ஒன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்மணியின் பெயரால் நடக்கிறது. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886 ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது அது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர்; தாயார் சந்திரம்மாள். பெண் பெரியவளானதும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமியோ வீட்டிலிருந்தபடியே படித்து, மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்று, எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அந்த நாளில் பிரசவம் என்றால் பெண்ணுக்கு மறுபிறவி. அழுக்குத் துணியாலும் சுத்தமில்லாத கத்தியாலும் ரண ஜன்னி கண்டு, தாயும் சேயும் மடிந்த வீடுகள் ஏராளம்.

1927-ல் அம்மையார் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றும் வாதாடினார்.

1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அம்மையார் மனத்தை விட்டு நீங்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1954-ல், அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 12 படுக்கைகளுடன் பிறந்தது. ஏழைகளுக்கு அங்கே கதவு திறந்திருந்தது. 1968 ஜூலை 22-ந் தேதி அம்மையார் காலமானார்.

1987-ல் தமிழக அரசு ஏழைத் தாய்மாருக்கான மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. சிறு தொகையாகத் தொடங்கிய அந்த உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாயாக வளர்ந்தது.

கர்ப்பிணிகளுக்கு ரண ஜன்னித் தடுப்பூசி சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். குழந்தைக்கும் தடுப்பூசிகள் இலவசம். ஆனால் ஊசி இலவசமானால் மட்டும் போதுமா? ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கூலி கிடைக்காதே! பஸ் செலவுக்கு எங்கே போவது? அந்தக் குறையைத்தான் இந்தப் பணம் தீர்க்கிறது. கர்ப்ப காலப் பரிசோதனைக்கு வந்து, குழந்தைக்கும் உரிய காலத்தில் தடுப்பூசி போட்ட தாய்க்கே தவணைகள் முழுதும் கிடைக்கும்.

இது சர்க்காருக்கு நஷ்டமா? இல்லை. ஊசி மருந்துக்கு ஆகும் செலவு சொற்பம். ரண ஜன்னி கண்டவரை வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கும் செலவோ பெரிது. அந்த வாரங்களில் வீட்டுக்கு வராமல் போகும் கூலி வேறு.

பலன் கண்முன் இருக்கிறது. பிரசவத்தில் தாயையும் பச்சிளங் குழந்தையையும் கொன்ற ரண ஜன்னி இந்தியாவில் கட்டுக்குள் வந்துவிட்டதென்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. புதுக்கோட்டைச் சீமையில் இன்று ஒரு கர்ப்பிணி காசு கொடுக்காமல் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறாள். அவள் உயிரும் தப்புகிறது. வீட்டு நகையும் அடகுக்குப் போகாமல் தப்புகிறது.