பீரங்கி ஒலியை அளந்த பெரியவர்

தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். அறிவியல் வகுப்பில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்த சூத்திரம் இது. இந்தச் சிறிய கணக்கைச் சென்னையிலேயே ஓராண்டுக்கு மேல் செய்து பார்த்தவர் ஜான் கோல்டிங்ஹாம்.

1767-இல் பிறந்த இவர், எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்பவர் அமைத்திருந்த வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் ஆய்வகக் கட்டடம் எழுந்தது. பின்னர் அதன் தலைமை வானியலறிஞரானார். வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டு சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். இன்றைய ராஜாஜி மண்டபத்திற்கு வரைபடம் தந்தவரும் இவரே. நம் கோவளத்திற்குத் தெற்கே உள்ள மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றியும் 1798-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வானத்தைப் பார்ப்பவருக்குக் கல்லில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

புனித தோமையார் மலையிலும் ஜார்ஜ் கோட்டையிலும் அக்காலத்தில் நாள்தோறும் பீரங்கி முழங்கும். பலருக்கு அது பொழுதறியும் ஓசை. கோல்டிங்ஹாமுக்கோ அதுவே ஆய்வுக் கருவி. மலைக்கும் ஆய்வகத்திற்கும் இடையே சுமார் 29,500 அடி. கோட்டைக்கு ஏறத்தாழ 14,000 அடி. பீரங்கியின் ஒளி கண்ணில் பட்டதும் கடிகாரத்தின் துடிப்பை எண்ணத் தொடங்குவார்கள். ஓசை காதில் விழுந்ததும் நிறுத்துவார்கள். மலையிலிருந்து ஒலி வந்து சேர ஏறக்குறைய 26 விநாடி ஆயிற்று. வகுத்துப் பாருங்கள், விநாடிக்குச் சுமார் 1,135 அடி வரும். ஒளி வரும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று சில மாணவியர் கேட்கலாம். அத்தனை சிறு தூரத்திற்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இதோடு முடிந்திருந்தால் அது வெறும் வகுத்தல் கணக்குதான். 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து அளந்தபோது, அதே மலை, அதே தூரம், ஆனால் விடை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது! ஜூலை மாதத்தில் சராசரி 1,164 அடி. டிசம்பரில் 1,099 அடி. ஒத்துவராத எண்களை ஒதுக்கிவிட்டு ஒரே விடையைச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வெப்பமானி, பாரமானி, காற்றின் நிலை எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறித்துவைத்தார். காற்று சூடானால் ஒலி விரைந்து செல்லும்; எதிர்க்காற்று அதைத் தாமதப்படுத்தும். நமது செய்முறை ஏட்டில் விடையைப் 'புத்தகத்தோடு ஒட்டவைக்கும்' வழக்கம் நமக்குத் தெரியாததா என்ன!

அவருடைய அளவீடுகளை இலண்டன் ராயல் கழகம் 1823-இல் வெளியிட்டது. அதற்கு முன்பே, 1822-இல், பிரெஞ்சு அறிஞர்களும் பாரிஸ் அருகே பீரங்கி வைத்து ஒலியை அளந்திருந்தார்கள்.

ஐப்பசி மழையில் கோவளக் கடல்மேல் மின்னும்போது நாமும் எண்ணிப் பார்க்கலாம், வீட்டுக்குள் இருந்துகொண்டுதான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒன்பது விநாடி என்றால் அது சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில். அது அருகில்தான், கட்டுமரத்தில் இருப்பவர்கள் கரைக்கு விரைய வேண்டிய தூரம்.

கோல்டிங்ஹாம் 1830-இல் பணியை விட்டார், 1849-இல் காலமானார். பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்.