மக்களிடம் மீண்ட குரு – கர்தினால் கார்டைன்

கல்வி மனிதனை உயர்த்தும். ஆயின், அதே கல்வி அவனைத் தன் மக்களிடமிருந்து பிரித்துவிடவும் கூடும். இதனை இளமையிலேயே உணர்ந்து, அப்பிரிவை வெல்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்க்குக் கூற விழைகின்றோம். அவரே பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு ஜோசப் கார்டைன்.

1882ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புருசெல்ஸ் நகரையடுத்த ஸ்கார்பேக்கில் அவர் பிறந்தார். ஹல்லே என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தை சிறு நிலக்கரி வணிகர். தாய் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். உடன் பயின்ற சிறுவர் ஆலைக்குச் சென்ற வயதில், கார்டைன் குருவாக விரும்பினார். பெற்றோர் இன்னும் கடுமையாக உழைத்து அவரைப் படிக்க வைத்தனர்.

விடுமுறையில் ஊர் வந்த குருமாணவர் பழைய தோழரைத் தேடிச் சென்றார். அவர்களோ முகங்கொடுத்துப் பேசவில்லை. குருமடம் புகுந்தவன் முதலாளிகளின் பக்கம் சேர்ந்துவிட்டவன் என்றே கருதினர். அந்தப் புண் அவர் நெஞ்சில் ஆறவேயில்லை. 1903இல் தந்தை இறந்தபோது, உழைக்கும் மக்களுக்கே தம் வாழ்வு என உறுதி பூண்டார்.

1906இல் குருப்பட்டம் பெற்ற அவர், லூவேன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்றார். சில ஆண்டுகள் சிறிய குருமடமொன்றில் கற்பித்தார். 1912இல் புருசெல்ஸின் லாக்கன் பங்கிற்கு உதவிக் குருவாக அனுப்பப்பட்டார். மக்கள் ஆலயத்திற்கு வரட்டும் என்று காத்திராமல், தொழிலாளர் இல்லங்களை நாடிச் சென்றார். உழைக்கும் இளம் பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, தம் வேலை நேரத்தையும் கூலியையும் அவர்களே ஆராய்ந்தறியச் செய்தார். நிலைமையைக் காணுதல், அறநெறியால் சீர்தூக்குதல், செயலில் இறங்குதல் என்னும் மூன்று படிகள் இப்பணியில் உருப்பெற்றன.

முதல் உலகப் போரில் செருமானியர் அவரைச் சிறையிட்டனர். போருக்குப் பின், தோனே, கார்சே, மேர்ட் என்னும் இளைஞர் மூவருடன் அவர் வளர்த்த அமைப்பு 1925இல் இளங்கிறித்தவத் தொழிலாளர் இயக்கமாயிற்று. இது வகுப்புப் பிரிவினையை வளர்க்குமோ எனத் திருச்சபைக்குள் சிலர் ஐயுற்றனர். கார்டைன் உரோமை சென்று, திருத்தந்தை 11ஆம் பத்திநாதரின் ஆதரவைப் பெற்றுத் திரும்பினார். இயக்கத்தில் குரு துணைவரே, தலைமை இளந்தொழிலாளருடையது. இதுவே அவர் வகுத்த நெறி.

1961இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பரின் சுற்றுமடல் அம்மூன்று படிகளையும் பரிந்துரைத்தது. 1965இல் கார்டைன் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அதே ஆண்டில், குருமாணவர் படிப்புக் காலத்திலும் விடுமுறையிலும் மக்கட்பணியில் நேரடிப் பயிற்சி பெறவேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் விதித்தது. ஒருகால் தோழரிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டிய அதே விடுமுறை, இப்போது மக்களை அறியும் பள்ளியாயிற்று. 1967 சூலை 24இல் அவர் மறைந்தார்.

நம் சேரிகளிலிருந்து கல்லூரி செல்லும் இளைஞர்காள்! உங்களுக்காக உழைத்தோர் இன்னும் அங்கேயே உள்ளனர். பட்டம் பெற்றபின் அவர்களிடம் தலைவராகச் செல்லாதீர், துணைவராகச் செல்வீர். கார்டைன் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.